கத்தி அழும் பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளை தாங்க முடியாமல் நிலைகுலைந்து போகும்போது (இதை மெல்ட்டவுன் என்பார்கள்) பெரியவர்கள் செய்யும் முதல் தவறு, கடைசியாக நடந்ததைக் காரணம் என்று எடுத்துக்கொள்வது. கல்யாணப் பந்தியில் அப்பளத்தின் மேல் பாயசம் பட்டுவிட்டது, பையன் தரையில் விழுந்து கத்துகிறான். எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒரு அப்பளத்துக்கா இவ்வளவு பிடிவாதம்?"

விடிவதற்கு முன் எழுப்பிக் குளிப்பாட்டியது, கழுத்தில் குத்தும் ஜரிகைச் சட்டை, மைக் வைத்த நாதஸ்வரம், வீடியோக்காரரின் விளக்கு, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போன அத்தைகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. மின்விசிறிச் சத்தம் நமக்குக் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமலே போய்விடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது அப்படி மறைவதில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேடு 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

"ஸ்கூல்ல நல்லாத்தானே இருந்தான்" என்று டீச்சர் சொல்வதும் இதே வகைதான். நாள் முழுக்க அடக்கி வைத்தது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உடைகிறது. பழி அம்மாவின் வளர்ப்பு மேல் விழுகிறது.

அடம் என்று நினைத்து அடிப்பதும், சமாதானமாக சாக்லேட் நீட்டுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். அடம் பிடிக்கும் பிள்ளை நடுநடுவே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் அழுகை நிற்கும். மெல்ட்டவுனில் இருக்கும் பிள்ளைக்குப் புது அப்பளம் வைத்தாலும் நிற்காது. அடமாகத் தொடங்கியது பாதியில் மெல்ட்டவுனாக மாறுவதும் உண்டு, அதனால் 'நடிக்கிறான்' என்ற தீர்ப்பை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

அதிகம் நடக்கும் தவறு, பேசிக்கொண்டே இருப்பது. "என்னாச்சும்மா? எங்க வலிக்குது? தண்ணி வேணுமா? அம்மாவப் பாரு!" நாலு பேர் சுற்றி நின்று நாலு கேள்வி. பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பேச்சும் சத்தம்தான், அதைப் புரிந்துகொள்வதும் ஒரு வேலைதான். மற்ற நேரத்தில் சரளமாகப் பேசுகிறவர்களுக்குக்கூட அப்போது வார்த்தை வராமல் போகலாம். பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். "வா, வெளிய போலாம்" என்று ஒருமுறை சொல்லிக் கையைக் காட்டுங்கள். எழுந்து வரவில்லையென்றால் விளக்கை அணையுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள். தலையை மோதிக்கொண்டால் இடையில் ஒரு தலையணையை வையுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தவே வேண்டாம்.

கட்டிப்பிடித்தால் அடங்கிவிடும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. மெல்லத் தடவுவது பலருக்கு எரிச்சல். அழுத்தமான பிடி சிலருக்கு இதம். ஆட்டிசம் உள்ள அமெரிக்க கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை ஊசிபோட நிறுத்தும் அழுத்துக் கூண்டைப் பார்த்து, இளவயதிலேயே தனக்கென்று ஓர் அழுத்தும் கருவி செய்துகொண்டார். அதை இறுக்குவதும் விடுவதும் அவர் கையிலேயே இருந்தது. யாருக்கு எது பிடிக்கும் என்பதை அமைதியான நேரத்தில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கையை உதறுவது, ஆடுவது, முனகுவது எல்லாம் அவர்களே கண்டுபிடித்த வைத்தியம். தடுக்காதீர்கள்.

கத்தாமல் உறைந்து போகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. மூலையில் சுருண்டு, கூப்பிட்டால் பதில் தராத பெண்ணுக்கு 'சமத்து' என்று பெயர். அது ஷட்டவுனாக, அதாவது தாங்க முடியாமல் உள்ளுக்குள் முடங்கிப் போவதாக இருக்கலாம். பெரியவர்களுக்கும் வரும், அலுவலகத்தில் அதைத் திமிர் என்பார்கள். சந்தோஷம் தாங்காமலும் இப்படி ஆகலாம், அதனால்தான் சில பிறந்தநாள்கள் கேக் வெட்டும் முன்பே முடிந்துவிடுகின்றன.

அடங்கிய உடனே "எல்லாருக்கும் சாரி சொல்லு" என்று இழுத்துப்போய் நிறுத்துவது அடுத்த சுற்றுக்கு அழைப்பு. பிள்ளை அடித்துப்போட்டது போலக் களைத்திருக்கும். தூங்க விடுங்கள், பேச்செல்லாம் மறுநாள்.

மெல்ட்டவுன் வழக்கத்தை விடத் திடீரென்று அடிக்கடி வர ஆரம்பித்தால், எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் என்று சொல்லத் தெரியாத ஏதாவது இருக்கலாம்; குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.