ஆந்த்ரபாலஜி (மானிடவியல்) பிஎச்டி: ஃபீல்டுக்குப் போக காசு எப்படி பொரட்டறது

சேப்பாக்கம் டீக்கடையில பாக்குற தம்பி தங்கச்சிங்க எல்லாம் இதையேதான் கேக்குறாங்க, அக்கா எந்த ஃபெலோஷிப்புக்கு போடறதுன்னு. ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை வத்திடுச்சு, அதான் எழுதிடறேன்.

மொதல்ல ஒண்ணு, மாசாமாசம் சாப்பிடுற காசு வேற, ஆராய்ச்சி பண்ற ஊர்லயே போயி தங்குற ஃபீல்டு காசு வேற. ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

சாப்பாட்டுக்கு ஜேஆர்எஃப் தான், அதாவது யுஜிசி தர்ற ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப். அதுக்கு நெட் எக்ஸாம் எழுதணும், ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஆந்த்ரபாலஜி தனி பேப்பரா இருக்கு. மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் எஸ்ஆர்எஃப் (சீனியர்) ஆனா 42,000, வீட்டு வாடகைக்கு ஹெச்ஆர்ஏ தனி. ஆனா ஆராய்ச்சி சில்லறை செலவுக்குன்னு தர்ற கண்டின்ஜென்சி இருக்கு பாருங்க, நம்மள மாதிரி சோஷியல் சயின்ஸ் ஆளுங்களுக்கு மொத ரெண்டு வருஷம் வருஷத்துக்கே 10,000 தான், அப்புறம் 20,500, ஒரு வருஷம் மலையில தங்கி வேலை பாத்தா ஜீப்புக்கும் ரெக்கார்டருக்குமே காலி.

அந்த மாசக் காசும் தானா வராது. யுனிவர்சிட்டில மேக்கர் (பதிவு போடறவர்), செக்கர் (சரி பாக்கறவர்)னு ரெண்டு பேர் மாசாமாசம் ஆன்லைன்ல ஓகே குடுக்கணும். எனக்கு செக்கர் லீவுல போயி மூணு மாசம் ஒத்தப் பைசா விழல, நான் மலை மேல உக்காந்திருக்கேன், தங்கியிருந்த வீட்டு பாட்டி வாடகையே கேக்கல, அது இன்னும் சங்கடமா போச்சு. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி அந்த செக்ஷன்ல நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, மூணு மாச செலவு கைல இல்லாம பஸ் ஏறாதீங்க.

ஜேஆர்எஃப் கெடைக்கலயா, சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கான மத்திய கவுன்சில் ஐசிஎஸ்எஸ்ஆர் தர்ற ஃபெலோஷிப் பாருங்க. எஸ்டி பசங்களுக்கு பழங்குடியினர் நல அமைச்சகம் வருஷத்துக்கு 750 பேருக்கு தருது. நம்ம எழிலகத்துல ஆதிதிராவிடர் நலத்துறையிலயும் ஃபுல் டைம் பிஎச்டிக்கு உதவித்தொகை இருக்கு, நடந்தே போயி கேட்டுட்டு வரலாம்.

இப்ப ஃபீல்டு காசு. நியூயார்க்ல இருக்குற வென்னர் கிரென் ஃபவுண்டேஷன் ஆந்த்ரபாலஜி ஆராய்ச்சிக்கு காசு தருது, எந்த நாட்டு பிஎச்டி ஸ்டூடன்ட்டும் போடலாம், 25,000 டாலர் வரைக்கும். கடைசி தேதி மே 1, நவம்பர் 1. மே மாசம் போட்டா அடுத்த ஜனவரிக்கு முன்னாடி ஃபீல்டு ஆரம்பிக்க முடியாது, அதை வெச்சு கணக்கு போடுங்க. ஃபீஸ் கட்ட தர மாட்டாங்க, ஃபீல்டு செலவுக்கு மட்டும்தான்.

இந்த அப்ளிகேஷன் எழுதறதுல நம்ம ஆளுங்க எங்க வழுக்குறாங்கன்னா, "இவங்கள பத்தி யாரும் எழுதல, அதனால நான் எழுதறேன்"னு ஆரம்பிச்சிடுவாங்க. ரிவர்ஸ்னு ஒரு இங்கிலாந்து ஆந்த்ரபாலஜிஸ்ட் 1901லயே நீலகிரி தோடர்கள்கிட்ட போயிட்டார், அதுக்கப்புறமும் அங்க ஆராய்ச்சி நின்ன பாடில்ல. ஆள் புதுசா இருக்கணும்னு இல்ல, கேள்வி புதுசா இருக்கணும். எருமை மேய்ச்சல் கொறஞ்சதும் சடங்குல என்ன மாறுது, யார் முடிவெடுக்குறாங்கன்னு கேளுங்க, அப்ளிகேஷன படிக்கிறவர் நிமிர்ந்து உக்காருவார்.

பட்ஜெட்ல "பயணம்"னு மொத்தமா ஒரு தொகை போடாதீங்க. சென்ட்ரல்லேர்ந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் எத்தனை தடவ, மேட்டுப்பாளையத்துலேர்ந்து பஸ், அங்கேர்ந்து ஜீப், மொழிபெயர்த்து சொல்ற ஆளுக்கு நாள் கூலி எவ்ளோ, ஒரு மணி நேர பேட்டிய எழுதி எடுக்க எத்தனை நாள் ஆகும், இப்படி பிரிச்சு போடுங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட் உள்ள போகணும்னா வனத்துறை பர்மிஷனும் வேணும், காசு வந்தப்புறம் அதுக்கு அலையலாம்னு இருந்தா சீசனே போயிடும்.

ஃபுல்பிரைட் நேரு ஃபெலோஷிப் அமெரிக்காவுக்கு போயி லைப்ரரி, ஆர்க்கைவ் பாக்கறவங்களுக்கு, ஊட்டிக்கு போறவங்களுக்கு இல்ல.

கடைசியா பில். ஜீப்காரர் ரசீது தர மாட்டார். பாரிஸ் கார்னர்ல ஒரு வவுச்சர் புக் வாங்கி அப்பப்ப கையெழுத்து வாங்கிடுங்க, 5,000க்கு மேல போனா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும், அத இங்கயே போஸ்ட் ஆபீஸ்ல வாங்கிட்டு போயிடுங்க, மலையில தேடி நான் பட்டது போதும்.