முன்சக்கர பிரேக் பேட் மாற்றும்போது சிலைடு பின்களை மறக்காதீர்கள்

புதிதாகப் போட்ட பேட்களில் உட்புறத்தது மட்டும் ஆறே மாதத்தில் தேய்ந்து, வெளிப்புறத்தது ஏறத்தாழ அப்படியே இருந்ததைக் கண்ட பிறகுதான், நான் செய்த வேலையில் எதைத் தவறவிட்டேன் என்பது எனக்கு விளங்கியது.

பெரும்பாலான கார்களின் முன்சக்கரக் காலிபரில், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் இருபுறமும் பேட்களை நெருக்கும் பிடியில், பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே இருக்கும். மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் வெளிவந்து உட்புறப் பேடை டிஸ்க்கோடு சேர்த்து நெருக்குகிறது. அதன் எதிர்விசையில் காலிபர் முழுவதும் இரண்டு சிலைடு பின்களின் மீது நகர்ந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து நெருக்குகிறது. சிலைடு பின் இறுகிவிட்டால் காலிபர் நகராது, உட்புறப் பேடே பெரும்பாலான வேலையையும் சுமக்கும்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுவது உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள், குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ளக் கழற்றாத பக்கம் இருக்கும். காலிபர் போல்ட்டுகளைக் கழற்றியதும் காலிபரை பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டிவிடுங்கள். உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரு பக்கத்துப் பேட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்ததாகச் சிலைடு பின்கள். இரண்டையும் உருவிப் பழைய கிரீஸை முற்றிலும் துடைத்தெடுங்கள்; துருப்பள்ளம் விழுந்த பின்னைத் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள். பிரேக்குக்கென்றே விற்கப்படும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள், ஏனெனில் சாதாரணக் கிரீஸ் ரப்பர் உறையை ஊதிப் பெருக்கச் செய்து பின்னையே இறுக்கிவிடும். என் வண்டியில் நடந்தது இதுதான். சில கார்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். அதை மற்றதன் துளையில் மாற்றிப் போடக் கூடாது. பூட்டிய பிறகு இரண்டு பின்களும் விரலால் தள்ளினாலே நகர வேண்டும்.

பிஸ்டனைத் திருப்புளியால் நெம்புவோர் உண்டு. நான் பழைய பேடை அதன் மீது வைத்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுவதையே விரும்புகிறேன். அப்போது ஆயில் தொட்டியின் மட்டம் உயரும் என்பதால், மேல்மட்டம்வரை நிரப்பியிருந்தால் முன்கூட்டியே சிறிது ஆயிலை எடுத்துவிடுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். போல்ட்டுகளை வாகனக் கையேட்டிலுள்ள அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

சக்கரத்தை மாட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் மிதி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் மீண்டும் வெளிவந்து பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது.

பிற்சேர்க்கை: பின்சக்கரத்திலும் இவ்வாறே செய்ய முயன்ற ஒருவர், பிஸ்டன் அசையவே இல்லை என்று எழுதியிருந்தார். கைபிரேக் அதே காலிபரில் இணைந்திருக்கும் பல வண்டிகளில் பிஸ்டனைத் திருகியபடியே தள்ள வேண்டும், அதற்குத் தனிக் கருவி உண்டு. மின்சாரக் கைபிரேக்காக இருந்தால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் காலிபரைத் தொடாதீர்கள்.