எல்க் வேட்டைக்கு ஃபிரேம் பை: ஒப்பிடும்போது செய்கிற தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மலையில் எல்க் மான் விழுந்த பிறகுதான் வேட்டையின் கடினமான பாதி தொடங்குகிறது. நன்கு வளர்ந்த ஆண் எல்க் உயிரோடு 300 கிலோ வரை இருக்கும். எலும்பு நீக்கிய கறி மட்டும் 80 முதல் 100 கிலோ தேறும். எலும்போடு ஒரு பின்னந்தொடை 25, 30 கிலோ. மான் விழுந்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடம் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தனி ஆள் 4 நடை சுமக்க வேண்டும், நடுவில் 3 முறை காலிப் பையோடு திரும்பி ஏற வேண்டும். மொத்தம் 21 கிலோமீட்டர். அதுவும் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில், பாதிக்கு மேல் இருட்டில்.

தள்ளுவண்டி கொண்டுபோகலாமே என்று தோன்றும். ஃபிளாட் டாப்ஸ், வெமினூச் போன்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் 1964-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி (Wilderness Act) தள்ளுவண்டி உள்ளே போகக்கூடாது. குதிரையோ கோவேறு கழுதையோ இல்லாதவருக்கு முதுகுதான் வழி. கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வரவும் முடியாது, சட்டப்படி குற்றம். விடக்கூடாது என்பதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, ஓர் உயிரை எடுத்திருக்கிறோம்.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் பலரும் கறி சுமக்க ஃபிரேம் பை, அதாவது சுமை தாங்கும் சட்டம் வைத்த முதுகுப்பை, வாங்குகிறார்கள். திரையில் நாலு பைகளை வரிசையாக வைத்து எடை, கொள்ளளவு, விலை மூன்றையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்குத் தடை இருப்பதால், இதை ஊரில் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

போகிற சுமையை வைத்து ஒப்பிடுவது

போகும்போது கூடாரம், தூக்கப் பை, 5 நாள் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 18 முதல் 20 கிலோ இருக்கும். இந்தச் சுமைக்கு நல்ல மலையேற்றப் பை எதுவானாலும் சரியாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது திரும்பும்போதுதான்.

முதல் வருடம் நான் கொண்டுபோனது அப்படியொரு மலையேற்றப் பை. மற்ற பைகளைவிட 600 கிராம் குறைவு என்பதற்காகவே வாங்கினேன். போகிற வழியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்னந்தொடையை ஏற்றிக் கட்டி எழுந்ததும், உள்ளே இருந்த மெல்லிய அலுமினியக் கம்பிகள் வில் மாதிரி வளைந்தன. இடுப்புப் பட்டை வழுக்கி இறங்கியது. முப்பது அடி நடப்பது, நிற்பது, குனிந்து பையைக் குலுக்கி மேலே ஏற்றிப் பட்டையை இறுக்குவது, மறுபடி முப்பது அடி. பட்டை இறங்க இறங்க எடை முழுவதும் தோளுக்கு வந்தது. காரை எலும்பின் மேல் வார் பதிந்த இரண்டு நீலக் கோடுகள் மறைய பத்து நாள் ஆயிற்று.

600 கிராம் என்பது ஒரு பாட்டில் தண்ணீர். அதை எங்கிருந்து குறைத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. துணியைக் கொஞ்சம் மெல்லியதாக்கியிருந்தால், மேல்மூடியை எடுத்திருந்தால் பரவாயில்லை. ஃபிரேமிலும் இடுப்புப் பட்டையின் பஞ்சிலும் கை வைத்திருந்தால் அந்தப் பை கறி சுமக்க ஆகாது.

இன்னொன்றும் உண்டு. வேட்டைப் பை செய்கிறவர்களில் பலர் ஃபிரேமைத் தனியாகவும் பையைத் தனியாகவும் விற்கிறார்கள். ஒருவர் போட்டிருக்கும் எடையில் மேல்மூடி சேர்ந்திருக்கும், இன்னொருவர் பட்டியலில் இடுப்புப் பட்டைகூடத் தனிக் கணக்காக இருக்கும். ஃபிரேம், பை, பட்டை, மூடி, துப்பாக்கி அல்லது வில் மாட்டும் வார் எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

வெளி ஃபிரேமா, உள் ஃபிரேமா என்று சண்டை போடுவது

இது பழைய கேள்வி. 1920-களில் அமெரிக்க வடமேற்கில் டிராப்பர் நெல்சன் என்ற மரச்சட்டப் பை வந்தது. 1952-இல் கலிபோர்னியாவின் கிளென்டேலில் டிக் கெல்டி அலுமினியச் சட்டப் பைகளை விற்கத் தொடங்கினார். மலையில் நடக்கும்போது அவர் நண்பர் சட்டத்தின் கீழ்முனைகளைத் தன் கால்சட்டையின் பின்பாக்கெட்டுகளில் செருகிக்கொண்டாராம். எடை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியதைப் பார்த்துத்தான் இடுப்புப் பட்டை யோசனை வந்தது என்பார்கள். 1967-இல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்குள் கொண்டுபோனார்.

இன்று மொன்டானாவின் ஸ்டோன் கிளேசியர், ஐடஹோவின் எக்ஸோ, கொலராடோவின் சீக் அவுட்சைட் போன்ற நிறுவனங்களின் பைகளை எடுத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை பெரிதாகப் பொருந்தாது. முதுகை ஒட்டி நிற்கும், ஆனால் பையைக் கழற்றிவிட்டு ஃபிரேமில் நேரடியாகக் கறியைக் கட்டலாம். ஆகவே பார்க்க வேண்டியது வேறு: நிமிர்வாக்கில் வளையாமல் நிற்கிறதா, நடக்கும்போது இடுப்போடு சேர்ந்து பக்கவாட்டில் கொஞ்சம் அசைகிறதா. இரண்டும் இருந்தால் நல்ல ஃபிரேம். வில் வேட்டைக்காரர் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்கட்டும்: அடி வைக்கும்போது கிறீச் என்று சத்தம் வரக்கூடாது. எல்க் 30 மீட்டரில் நிற்கும்போது அந்தச் சத்தம் போதும்.

வெறும் பையை மாட்டிப் பார்ப்பது

காலிப் பை எல்லாருக்கும் பொருந்தும். 10 கிலோ போட்டாலும் பொருந்தும். தவறு தெரியத் தொடங்குவது 25 கிலோவுக்கு மேல்.

இந்திய மளிகைக் கடையில் வாங்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். ஒரு மூட்டை 9 கிலோ. மூன்று மூட்டை 27 கிலோ, கிட்டத்தட்ட ஒரு பின்னந்தொடை. பை வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டைப் பிய்க்காமல் அதில் மூன்று மூட்டையைக் கட்டி, ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குவேன். முதல் பத்து நிமிடம் எல்லாப் பையும் நன்றாகவே இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில்தான் பட்டை வழுக்குவதும், தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும், இடுப்புக்குப் பின்னால் உள்ள திண்டு எலும்பில் குத்துவதும் தெரியும். இந்தப் பைகளில் பல கடையில் கிடைக்காது, நேரடியாகச் செய்பவரிடமிருந்துதான் தபாலில் வரும். திருப்பி அனுப்பும் கெடுவுக்குள், அழுக்காகாமல், வீட்டுக்குள்ளேயே இதைச் செய்துவிட வேண்டும்.

ஆனால் அரிசி மூட்டை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எலும்போடு இருக்கும் தொடை விறைப்பாக நிற்கும், கட்டின இடத்தில் இருக்கும். எலும்பு நீக்கிய கறியோ தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. இருபது நிமிடம் நடந்தால் வாருக்கு அடியில் நழுவி, பையின் அடியில் குடம் போல உப்பி நிற்கும். எடை கீழே இறங்கி வெளியே தள்ளினால் 25 கிலோ 35 கிலோ மாதிரி கனக்கும், முதுகு பின்னால் இழுபடும். இதைச் சோதிக்க எளிய வழி, மடிக்கக்கூடிய 10 லிட்டர் தண்ணீர்ப் பைகள் இரண்டை முக்கால்வாசி நிரப்பித் துணிப் பையில் போட்டுக் கட்டுவது. ஒரு மணி நேரம் கழித்தும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே அந்தச் சுமை நிற்கிறதென்றால் பையின் வார்கள் சரியான இடத்தில் தைக்கப்பட்டிருக்கின்றன.

எலும்போடு சுமப்பதா நீக்கிச் சுமப்பதா என்பது எப்போதும் நம் கையில் இல்லை. அலாஸ்காவின் சில பகுதிகளில் மூஸ் என்ற பெரிய மானின் கறியை எலும்போடுதான் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று விதி. மூஸின் பின்னந்தொடை எலும்போடு 45 கிலோவைத் தாண்டும். கொம்பை முதலில் தூக்கிப் போகவும் கூடாது, கறி எல்லாம் வெளியேறிய பிறகோ கடைசிச் சுமையோடோதான் கொம்பு வரலாம். அங்கே போகிறவர் தேடும் பையும், கொலராடோவில் எலும்பு நீக்கிச் சுமப்பவர் தேடும் பையும் ஒன்றல்ல. எந்த மானுக்கு, எந்த மாநிலத்துக்கு என்று சொல்லாமல் எது நல்ல பை என்று கேட்டால் பதில் கிடையாது.

ஆள் உயரத்தைப் பார்த்து அளவெடுப்பது

ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகு இருக்கலாம். ஐந்தரை அடி ஆளுக்கு நீள முதுகு இருக்கலாம். அளக்க வேண்டியது முதுகை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு தெரியும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை யாரையாவது நாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள். தானே அளந்தால் தவறு வரும்.

அதன் பிறகு மேலே பார்க்க வேண்டும். தோள் வாரிலிருந்து ஃபிரேமின் உச்சிக்கு ஒரு சின்ன வார் போகும், லோட் லிஃப்டர் என்பார்கள். அது தோளிலிருந்து ஃபிரேமை நோக்கி 30 முதல் 60 டிகிரி வரை சாய்ந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் இறுக்கினால் தோளின் மேல் உட்கார்ந்த எடை தூக்கப்படும். ஃபிரேம் குட்டையாக இருந்து அந்த வார் படுக்கையாகப் போனால், எவ்வளவு இறுக்கினாலும் பை முதுகோடு ஒட்டுமே தவிர எடை குறையாது. பல நிறுவனங்கள் 24 அங்குலம், 26 அங்குலம் என்று ஃபிரேம் உயரத்தில் தேர்வு தருவது இதனால்தான். நீள முதுகுக்காரர் 24 வாங்கிவிட்டு, பை சரியில்லை என்று பழி சொல்வது அடிக்கடி நடக்கிறது. உயரமான ஃபிரேமுக்கும் குறை உண்டு: தாழ்ந்த கிளைகளில் மாட்டும், செங்குத்தான ஏற்றத்தில் அண்ணாந்து பார்த்தால் தலை இடிக்கும். கறி சுமக்கத்தான் என்றால் நான் உயரத்தின் பக்கம்தான் நிற்பேன்.

இடுப்புப் பட்டையின் நடுக்கோடு இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றைச் சுற்றி அல்ல. இறுக்கிய பிறகு முன்னால் இரண்டு பஞ்சுப் பகுதிகளுக்கும் நடுவே கை அகலம் இடைவெளி இருக்கட்டும். பத்து நாள் மலையில் அலைந்தால் உடம்பு இளைக்கும். பஞ்சும் பஞ்சும் தொட்டுவிட்டால் அதற்கு மேல் இறுக்க இடமில்லை.

மற்ற சில

கொள்ளளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் கன அங்குலத்தில் போடுவார்கள், 61 கன அங்குலம் ஒரு லிட்டர். 5,000 என்றால் 82 லிட்டர். ஒருவர் பாக்கெட்டுகளையும் சேர்த்து எண்ணுவார், மற்றவர் எண்ண மாட்டார். 5 நாளுக்கு 80 லிட்டர் பக்கம் போதும், ஏனென்றால் கறி பைக்குள் போகக் கூடாது. ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவே உள்ள லோட் ஷெல்ஃபில், காற்றுப் புகும் துணிப் பையில் கட்டித்தான் போக வேண்டும். செப்டம்பர் பகல் வெயிலில் தண்ணீர் புகாத பைக்குள் சூடான கறியைத் திணித்தால், வண்டிக்கு வருவதற்குள் எலும்பை ஒட்டிய கறி கெட்டுவிடும். ஷெல்ஃப் உள்ள பைகளை ஒப்பிடும்போது, துணிப் பையின் வாயை ஒரு கயிற்றால் ஃபிரேமின் உச்சியில் கட்ட வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கறி கீழே நழுவாமல் காப்பது பாதி அந்தக் கயிறுதான்.

60 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பது ஃபிரேமின் கணக்கு. முழங்காலின் கணக்கு வேறு. எனக்கு 32 கிலோதான் எல்லை, கையில் இரண்டு ஊன்றுகோல்களோடு. ஒரு நடை கூடினால் கூடட்டும்.

கொலராடோவில் ரைபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு அணிவது கட்டாயம், தலையிலும்தான். பெரிய பை மாட்டினால் முதுகுப் பக்கம் முழுக்க மறைந்துவிடும். பையின் மேல் ஓர் ஆரஞ்சுத் துணி, கொம்பு தூக்கினால் அதன் மேலும் ஒன்று கட்ட வேண்டும். மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி கரடி உள்ள காடுகளில் இடுப்புப் பட்டை மாட்டிய நிலையில் கரடி ஸ்பிரே கைக்கு எட்டுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். இரத்த வாடையோடு நடக்கும் நேரம் அது.

எழுந்து நிற்பது

இதை யாரும் ஒப்பிடுவதில்லை. 30 கிலோவைத் தரையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, மல்லாந்து கிடக்கும் நிலையிலிருந்து தனியாக எழ வேண்டும். தோள் வார்களைத் தளர்த்தியபடியே கை நுழைகிறதா, ஃபிரேமின் அடி தரையில் நிலையாக நிற்கிறதா, உருண்டு முழங்காலில் ஊன்றும்போது பை தலைக்கு மேல் சரிகிறதா என்பதெல்லாம் இங்கே தெரியும். வீட்டுக் கூடத்தில் அரிசி மூட்டையோடு இதையும் செய்யுங்கள்.

நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லுக்கு உள்ள அருமை எனக்கு எல்க் மலையில்தான் முழுதாகப் புரிந்தது. இப்போது கறியை அறுக்கத் தொடங்கும் முன்பே இடுப்புயரத்தில் விழுந்து கிடக்கும் மரம் ஒன்றைப் பக்கத்தில் தேடி வைத்துக்கொள்கிறேன். பையை அதன் மேல் நிறுத்திக் கறியைக் கட்டி, முதுகைக் கொடுத்துப் பட்டையை இறுக்கி, அப்படியே நடக்கத் தொடங்கிவிடலாம்.