தெத்துக்கு முந்தைய இரண்டு வாரம்: வாண்டுகளோடு வியட்நாம் பண்டிகை கொண்டாட

சைகோனில் என் கணவர் வீட்டில் தெத் என்னும் சந்திரப் புத்தாண்டு ஒரே நாளில் வந்து போவதில்லை. சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் பாதி தாண்டியதுமே வேலை தொடங்கிவிடும். 2026இல் தெத் பிப்ரவரி 17. 2027இல் பிப்ரவரி 6. தேதி ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால், வியட்நாம் குடும்பத்தில் மருமகளாகவோ மருமகனாகவோ போனவர்கள் முதலில் ஒரு சந்திர நாட்காட்டி வாங்கிச் சமையலறையில் மாட்டுங்கள். இங்கே தினமும் கிழிக்கும் காலண்டரிலேயே ஆங்கிலத் தேதி, சந்திரத் தேதி இரண்டும் இருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பெண்ணும் ஒன்றரை வயதுப் பையனும் இருக்கிறார்கள். இந்த வயதில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: பிள்ளைகளுக்குப் பண்டிகை என்பது அந்த முந்தைய இரண்டு வாரம். புத்தாண்டு நாள் பெரியவர்களுடையது. விருந்தாளிகள், புது உடை, வாழ்த்து, ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்வது, இதில் ஒன்றரை வயதுக்காரனுக்கு என்ன இருக்கிறது? அவனுக்குக் கைக்கு வேலை வேண்டும். ஆகவே ஒவ்வொரு சடங்கிலும் பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை பிரித்துக் கொடுங்கள். அது பெயருக்குச் செய்யும் வேலையாக இல்லாமல், வீட்டுக்கு உண்மையிலேயே உதவுவதாக இருக்க வேண்டும். மிச்சத்தைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

இலை பறிப்பிலிருந்து தொடங்குங்கள். தெற்கு வியட்நாமில் தெத்துக்கு மாய் மரம், மஞ்சள் பூ. வடக்கே ஹனோயில் இளஞ்சிவப்புப் பீச் பூ. மாய் சரியாகப் புத்தாண்டு அன்று பூக்க வேண்டுமானால், பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி அதன் இலைகளை எல்லாம் கையால் பறித்துவிட வேண்டும். மொட்டு பெரிதாக இருந்தால் சில நாள் தள்ளி, சின்னதாக இருந்தால் சில நாள் முந்தி. அந்த நாளை என் மாமியார் மொட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். சின்னப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. மற்ற நாளெல்லாம் "செடியைப் பிய்க்காதே" என்று சொல்லும் பாட்டியே அன்று "பிய்" என்கிறாரே! பெரியவர் ஒருவர் கிளையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை இலையைப் பின்பக்கமாக மடக்கி இழுக்கட்டும். முன்பக்கம் இழுத்தால் பட்டை உரியும், இலைக்காம்பின் இடுக்கில் இருக்கும் மொட்டும் போய்விடும். தாழ்வான ஒரு கிளையை, முடிந்தால் சுவர்ப் பக்கம் இருக்கும் கிளையை, அவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டால் யாருக்கும் பதற்றம் இல்லை. பூத்த பிறகு அந்தக் கிளையைக் காட்டி "இது நீ பறித்தது" என்று சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் செய்த வேலையின் பலனை மூன்று வயதுப் பிள்ளை கண்ணால் பார்ப்பது அபூர்வம்.

பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் அடுப்புத் தெய்வங்கள் வானுலகம் போய் வீட்டு நடப்பைச் சொல்லும் நாள். வடக்கே அவர்கள் கெண்டை மீன் ஏறிப் போவதாக நம்பிக்கை. அதனால் மீனை வாங்கிக் குளத்தில் விடுவார்கள். எங்கள் பக்கம் காகிதத்தில் செய்த கொக்கும் குதிரையும் எரிப்பார்கள், எள்ளும் கடலையும் போட்ட மிட்டாய் படைப்பார்கள். மிட்டாயைத் தட்டில் அடுக்குவது பிள்ளையின் வேலை. எரிக்கும்போது இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். மிட்டாய் கல்மாதிரி இருக்கும், கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் அன்றைக்கு.

பெரிய வேலை பான் தெத். ஊறவைத்த ஒட்டரிசி, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, பன்றி இறைச்சி மூன்றையும் வாழையிலையில் உருளையாகச் சுற்றிக் கட்டி, எட்டு மணி நேரத்துக்கும் மேல் வேகவைப்பது. வடக்கே இதே பொருட்களில் சதுரமாகக் கட்டினால் பான் சுங். வாழையிலை என்றதும் நமக்குக் கை தானாகப் போகும் அல்லவா, பிள்ளையையும் அங்கேயே உட்காரவையுங்கள். ஈரத்துணியால் இலையைத் துடைப்பது ஒன்றரை வயதுக்கே வரும். கிழிந்த இலையை உள் அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம், வீணாகாது. மூன்று வயதுப் பிள்ளை பருப்பை ஒரு கரண்டி அள்ளி வைக்கும். கடைசியில் மிஞ்சும் அரிசியில் பேரப்பிள்ளைகளுக்கென்று விரல் நீளத்தில் குட்டி பான் கட்டுவது பல வீடுகளில் வழக்கம். அதற்கு வாழைப்பழம் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். நெடுநேரம் வெந்ததும் பழம் செக்கச்செவேலென்று ஆகிவிடும். என் மகள் அந்தச் சிவப்பைப் பார்க்கத்தான் காத்திருப்பாள். பானை அடுப்பில் ஏறியதும் பிள்ளைகளின் பங்கு முடிந்தது. இரவு முழுக்க நெருப்பும் கொதிநீரும் இருக்கும் முற்றத்தில் அவர்களுக்கு இடமில்லை, யார் என்ன சொன்னாலும்.

ஒட்டரிசி தொண்டையில் ஒட்டும். மெல்லிய வில்லையாக நறுக்கி, அதையும் நாலாக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெத்தில் ஆபத்து அலங்காரமாக வந்து மேசையில் உட்காரும். விருந்தாளிகளுக்கென்று ஒரு வட்டப் பெட்டி எப்போதும் திறந்தே இருக்கும். சிவப்புச் சாயம் ஏற்றிய தர்பூசணி விதை, வேர்க்கடலை, சர்க்கரைப் பாகேற்றிய தேங்காய்க் கீற்று, குட்டிக் கிண்ண ஜெல்லி. விதையும் முழுக்கடலையும் ஜெல்லியும் இந்த வயதில் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. பெட்டியை மூடச் சொன்னால் மாமியாருக்கு மனம் வராது, திறந்த பெட்டி வரவேற்பின் அடையாளம். எங்கள் ஏற்பாடு: பெரியவர்களின் பெட்டி அலமாரிக்கு மேல், வந்தவருக்கு எடுத்து நீட்டுவோம். தாழ்வான மேசையில் பிள்ளைகளின் பெட்டி, அதில் மென்மையான பழத்துண்டும் மெல்லிய தேங்காய்க் கீற்றும் மட்டும். விருந்தாளிக்கு அதை நீட்டுவது மகளின் வேலை. இப்போது அத்தைகளே அந்தப் பெட்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

முக்கியமான சமையல் இரண்டும் பிள்ளைகளுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஒன்று, இளநீரில் மெதுவாக வேகும் பன்றி இறைச்சியும் முட்டையும். இன்னொன்று, இறைச்சி அடைத்த பாகற்காய் சூப். உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் சாறு ஊற்றுவதற்கு முன் பிள்ளைகளின் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள், உப்பு மிகவும் அதிகம். பாகற்காயை என் மகன் துப்புகிறான். கசப்பைத் தின்றால் கஷ்டம் கடந்துபோகும் என்பது இங்கே நம்பிக்கை, அதனால் யாராவது ஊட்டப் பார்ப்பார்கள். நாக்கில் பட்டாலே போதும் என்று சொல்லிவிடுங்கள்.

வணக்கம் சொல்லும் பழக்கத்தை ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பெரியவரைக் கண்டால் இரண்டு கைகளையும் மார்பில் கட்டி, தலையைத் தாழ்த்தி "ஆ" என்று ஒரு மரியாதை ஒலி. பேச்சு வராத குழந்தையும் இதைச் செய்துவிடும். இது ஒன்று சரியாக வந்துவிட்டால் பெரியவர்கள் மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பார்கள் என்பது என் அனுபவம். சீக்கிரம் கிளம்புவது, கூட்டத்தில் மடியை விட்டு இறங்காதது, தட்டைத் தொடாதது, எதுவும் குறையாகப் படாது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் கூடவே வரும். அப்பாவின் சகோதரி கோ, அம்மாவின் சகோதரி யீ, அப்பாவின் தம்பி சூ, அம்மாவின் சகோதரர் காவ். அத்தை, சித்தி, சித்தப்பா, மாமா என்று பிரித்துக் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது சுலபம். ஆனால் தெற்கில் தலைப்பிள்ளையை 'இரண்டு' என்றே எண்ணத் தொடங்குவார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உறவினர் ஒவ்வொருவரின் படத்தையும் அச்செடுத்து ஒரு சின்ன ஆல்பம் போட்டு, தூங்கும் முன் புரட்டினால், புத்தாண்டு அன்று வரும் முகங்கள் பிள்ளைக்கு அந்நியமாக இருக்காது. பயமும் அழுகையும் பாதி குறையும்.

லீ ஸீ எனப்படும் சிவப்பு உறையில் வாழ்த்துப் பணம் தருவார்கள். முதலில் கை கட்டி வணக்கம், பிறகு இரண்டு கைகளாலும் வாங்குவது, கொடுத்தவர் முன்னால் பிரிக்காமல் இருப்பது. கடைசி விதிதான் கடினம். ஒரு மூடியில் பிளவு போட்ட டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். உறையை உள்ளே போடும் ஆசையில் பிரிக்கும் எண்ணமே வராது. வீட்டில் விளையாட 10,000, 20,000 டாங் நோட்டு கிடைத்தாலும் கவலையில்லை. அவை பாலிமர், லேசில் கிழியாது.

இனி அந்த நாள். நள்ளிரவுப் படையலுக்குப் பிள்ளைகளை எழுப்பாதீர்கள். நகரத்தின் வாணவேடிக்கையை அடுத்த சில ஆண்டுகளில் பார்த்துக்கொள்ளலாம். வெடிக்கும் பட்டாசு 1995 முதல் நாடு முழுவதும் தடை என்பதால், தெருவில் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வார்களோ என்ற பயம் இல்லை. புத்தாண்டின் முதல் நாளில் வீட்டைப் பெருக்கக் கூடாது, செல்வம் வெளியே போய்விடும் என்பார்கள். பாத்திரம் உடையக் கூடாது. பிள்ளைகளைத் திட்டக் கூடாது. கடைசியை நான் மிகவும் மதிக்கிறேன், நாள் முழுக்க வீட்டில் ஒரு அதட்டல் கேட்காது. மற்ற இரண்டுக்கும் வழி உண்டு. பாய் விரித்து அதில் ஊட்டி, அப்படியே மடித்து வைத்துவிடுங்கள். அன்றைக்குப் பீங்கான் கிண்ணத்தை ஒளித்து எவர்சில்வரை எடுங்கள்.

முதல் நாள் அப்பா வீடு, இரண்டாம் நாள் அம்மா வீடு, மூன்றாம் நாள் ஆசிரியர் வீடு என்று ஒரு பழமொழி இருக்கிறது. நாங்கள் அந்த வரிசையை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடு, காலையில் மட்டும் என்று சுருக்கிவிட்டோம். மதியம் எல்லாரும் தூங்குவது இந்த ஊர் வழக்கமே, ஆகவே மதியத் தூக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. என் அம்மா வீடு இங்கே இல்லை. இரண்டாம் நாள் த்ருவோங் தின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த தமிழர்கள் கட்டியது. வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தியோடு வந்து கும்பிடும் கோயில். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள், ஊதுபத்தியின் கங்கு அவர்கள் முகத்தின் உயரத்தில்தான் இருக்கும். வீட்டுப் படையல் மேடைக்கும் இதே எச்சரிக்கை. பத்தி பெரியவர் கையில், பிள்ளை வெறுங்கையால் கும்பிடட்டும். மாம்பழத்தையோ பப்பாளியையோ பழத்தட்டுவரை சுமந்து போவது அவர்கள் வேலை.

தெத்தோடு பண்டிகை முடிவதில்லை. சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் த்ருங் தூ பிள்ளைகளுக்கென்றே உள்ள விழா. 2026இல் செப்டம்பர் 25. சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் லுவோங் ஞூ ஹோக் தெரு முழுக்க விளக்கு தொங்கும். கூட்டம் மொய்க்கும், பொழுது சாய்வதற்குள் போய் வந்துவிடுங்கள். பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் விளக்குகளில் பொத்தான் பேட்டரி இருக்கும், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடிக்குத் திருகாணி இல்லையென்றால் வாங்க வேண்டாம். எனக்குப் பிடித்தது மூங்கிலும் சிவப்புக் கண்ணாடித்தாளும் கொண்ட ஐந்து முனை நட்சத்திர விளக்கு. சட்டத்தைப் பெரியவர் கட்டி முனைகளுக்கு நாடா சுற்றியதும், தாளுக்குப் பசை தடவுவது பிள்ளைகள் பாடு. மெழுகுவர்த்திக்குப் பதில் திருகாணி போட்ட சின்ன மின்விளக்கு. சிங்க நடனத்தைத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பாருங்கள், முரசு நெஞ்சில் இடிக்கும். நிலாக் கேக்கின் உள்ளே உப்பு முட்டைக் கரு, பருப்பு வகைகள். ஓரத்து மாவு மட்டும் ஒரு விள்ளல் கொடுத்தால் போதும். நிலாவில் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கூய் கதையை அப்பா சொல்வார், வடை சுடும் பாட்டி கதையை நான் சொல்வேன். மகளுக்கு இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதல் பிறந்தநாளான தொய் நொய்யும் இந்த வயதில்தான். குழந்தையை உருவாக்கிக் காத்ததாக நம்பப்படும் பன்னிரண்டு மருத்துவச்சித் தெய்வங்களுக்குப் பன்னிரண்டு கிண்ணம் இனிப்பு. எங்கள் பக்கம் பெண்ணுக்கு இஞ்சிப் பாகில் பூரண உருண்டை, பையனுக்கு வெள்ளைப் பயறு. பிறகு கத்தரிக்கோல், கண்ணாடி, பேனா, புத்தகம் எல்லாம் தட்டில் வைத்து, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். கத்தரிக்கோலுக்கு மரத்தில் செய்ததை வையுங்கள், கண்ணாடிக்கு உடையாத ஒன்றை.

இவை போக, முன்னோர் நினைவு நாட்கள் ஆண்டு முழுவதும் வரும். படைத்த பிறகுதான் சாப்பாடு என்பதால் பசித்த பிள்ளை அழும். ஒரு மணி நேரம் முன்பே ஊட்டிவிடுங்கள், சின்னக் குழந்தை முந்திச் சாப்பிடுவதை எங்கள் வீட்டில் யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. முந்தைய நாளே மாமியாருக்கு ஃபோன் போட்டு, "நாளைக்குப் பிள்ளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பழம் துடைப்பதா, சாப்பிடும் குச்சிகளை ஜோடி சேர்ப்பதா என்று அவரே யோசித்து வைத்திருப்பார்.