அம்பையிலிருந்து பஸ் ஏறும் முன்: குழந்தையின் இதய ஸ்கேனுக்குத் தயாராவது எப்படி

எங்கள் பயலுக்குக் காய்ச்சல் 5 நாளாக விடவில்லை. கண் சிவந்திருந்தது, ஆனால் பீளை தள்ளவில்லை. உதடு வெடித்து, நாக்கு செக்கச்செவேல் என்று ஆகி, உடம்பெல்லாம் தடிப்பு வந்ததும் ஆச்சி அம்மை என்று முடிவுகட்டி வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள், அதிலேயே 2 நாள் போய்விட்டது. கவாசாகி நோய் என்று அப்புறம்தான் தெரிந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களை வீங்க வைக்கும் நோய் அது. காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ரத்தத்தில் ஏற்றாவிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்குக் குழாய் புடைத்துவிடும், ஏற்றினால் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குக் குறைகிறது.

முதலில் எடுப்பது எக்கோ, ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, நெஞ்சில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நோய் தெரிந்ததும் ஒன்று, 1-2 வாரத்தில் ஒன்று, 4-6 வாரத்தில் ஒன்று, வீக்கம் இருந்தால் இன்னும் அடிக்கடி. குழாயின் அகலமே 2, 3 மில்லிமீட்டர்தான், பிள்ளை காலை உதைத்து அழுதால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. அதனால் அம்பையிலிருந்து (அம்பாசமுத்திரம்) திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வரும் வழியில் பஸ்ஸில் தூங்க விடாதீர்கள், விளையாட்டுக் காட்டியாவது விழிக்க வைத்துக் கூட்டி வாருங்கள், அங்கே போய்த் தூங்கட்டும். தூக்க மருந்து கொடுப்பார்கள் என்றால் எப்போதிலிருந்து வெறும் வயிறு என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பொதுவாக சாப்பாட்டுக்கும் பவுடர் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. பாவம் பிள்ளை என்று புது பஸ் ஸ்டாண்டில் ஒரு இட்லி ஊட்டினால் அன்றைய பாடு போச்சு.

பலரும் கோட்டை விடுவது உயரமும் எடையும். ஒரு வயதுப் பிள்ளைக்கு 3 மி.மீ. என்றால் வீக்கம், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதே 3 மி.மீ. சாதாரணமாக இருக்கலாம். அதனால்தான் உடல் அளவை வைத்து இசட் ஸ்கோர் என்று ஒரு எண் போடுகிறார்கள். 2-க்குக் கீழே என்றால் சரி, 2.5-ஐத் தாண்டினால் புடைப்பு, 10-ஐத் தொட்டாலோ குழாய் 8 மி.மீ. ஆனாலோ பெரிய புடைப்பு. ஒரு ஸ்கேன் சென்டரில் எங்களிடம் "எடை எவ்வளவு இருக்கும்?" என்று வாயால் கேட்டு எழுதினார்கள், நானும் குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னேன். அடுத்த எக்கோவில் எண் எகிறியதைப் பார்த்து வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை, கடைசியில் தப்பு எடையில்தான். நீங்கள் மெஷினில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பழைய ரிப்போர்ட், ஸ்கேன் பதிந்து தந்த சி.டி. தட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

பிள்ளை வளர வளர நெஞ்சுச் சுவர் தடிப்பதால் எக்கோவில் குழாயின் கடைக்கோடி தெரியாது. அப்போது சி.டி. ஆஞ்சியோ கேட்பார்கள், எக்ஸ்ரே கதிரால் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் ஸ்கேன் அது. கையில் ஊசி குத்தி, குழாய் படத்தில் தெரிவதற்கான மருந்தை ஏற்றி எடுப்பது, குழாயின் வடிவமும் உள்ளே அடைப்பும் நன்றாகத் தெரியும். கதிர்வீச்சு உண்டு என்பதால் எதற்கு இப்போது, எக்கோ போதாதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். இதயத் துடிப்பைக் குறைக்க மாத்திரை தரலாம், ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் எடுக்கும்போது மூச்சைப் பிடிக்க வீட்டிலேயே பழக்குங்கள், தாமிரபரணியில் முங்கு போடுவது போல என்றதும் எங்கள் பயலுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, இதயத் தசையில் தழும்பு இருக்கிறதா என்றும் காட்டும். ஆனால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தில் அசையாமல் கிடக்க வேண்டும், சின்னப் பிள்ளை என்றால் மயக்க மருந்துதான். உலோகம் ஒன்றும் கூடாது. கொலுசு, காப்பு, தாயத்து, சட்டை ஊக்கு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே கழற்றி வையுங்கள், ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அரைஞாணை அவிழ்த்தால் ஆச்சிமார் சண்டைக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் கறுப்புக் கயிற்றை மாற்றிக் கட்டிய பிறகுதான் பிள்ளையை உள்ளே அனுப்ப ஆச்சி சம்மதித்தாள்.