மார்க் குறைந்ததும் மைதானத்தில் கை வைக்காதீர்கள்

ஆறாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த மகள் ஏழாம் வகுப்பில் கணக்கில் சறுக்குகிறாள். பெரும்பாலான வீடுகளில் முதலில் நிற்பது அவளுடைய மாலைப் பயிற்சிதான். "இனிமேல் கால்பந்து வேண்டாம், உட்கார்ந்து படி." அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் சிறிய ஊர்ப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது? ஐந்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்து உட்காருகிறாள். ஏழு மணிக்கும் அதே பக்கம்தான். நோட்டை வாங்கிப் பார்த்தால் 1/2 + 1/3 = 2/5 என்று இருக்கிறது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை பாதியைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு நேரம் போதாமல் இல்லை, பின்னம் புரியவில்லை. ஒரு காகிதப் பட்டையை ஆறு சம பாகமாக மடித்து, பாதி என்றால் மூன்று பாகம், மூன்றில் ஒன்று என்றால் இரண்டு பாகம், ஆக மொத்தம் ஐந்து என்று காட்டப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் விட்டால் விகிதம், சதவீதம், இயற்கணிதம் என்று வரிசையாக எல்லாமே இடறும், அவள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும்.

அதனால் எதையும் நிறுத்துவதற்கு முன் விடைத்தாளை எடுத்து, எந்த இடத்தில் தடுக்கியது என்று பாருங்கள். புரியாவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். சிறிய ஊரில் கணக்கு ஆசிரியரே பயிற்சியாளராகவும் இருப்பது உண்டு. பெரிய பள்ளியில் கிடைக்காத வசதி இது, பலர் பயன்படுத்துவதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. மாணவர்கள் குறைவு என்பதால் ஓட்டப்பந்தயம், வினாடி வினா, பாட்டு, நாடகம் எல்லாவற்றுக்கும் ஒரே பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். கேட்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், "முடியாது" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

எதை விடுவது என்று தெரியாவிட்டால் தூக்கத்தைக் கணக்குப் போடுங்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய 12 வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்காவது படுத்தாக வேண்டும். பயிற்சி, சாப்பாடு, வீட்டுப்பாடம் மூன்றும் அதற்குள் அடங்கவில்லையா? சரி, அப்போது ஒன்றைக் குறைக்கத்தான் வேண்டும். எல்லா விளையாட்டையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்டு முழுக்க ஒரே விளையாட்டில் ஊறவிடுவதும் தவறுதான். வளரும் எலும்பின் முனைகள் இன்னும் மென்மையாக இருக்கும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால் காயப்படும்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகம் தீர்க்கும் வகுப்பையும் அணிப் பயிற்சியையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். கடைசிப் பேருந்து எப்போது கிளம்புகிறது என்று பார்க்காமல் நேரம் குறிக்காதீர்கள். அந்தப் பேருந்தை நம்பி வரும் பிள்ளைகள் பெயர் கொடுக்காதபோது, ஆர்வமில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

களைத்து வந்த பிள்ளையைப் பாடத்தை மூன்று முறை படிக்கச் சொல்வதிலும் பயனில்லை. ஒரு முறை படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத இடத்தை மட்டும் திரும்பப் பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். இப்படிப் படித்தால் பயிற்சி இருக்கும் நாளிலும் அரை மணி நேரத்தில் ஒரு பாடத்தை உருப்படியாக முடிக்கலாம்.

அப்புறம், விளையாட்டுப் பருவத்தின் நடுவில் அவளே வந்து "எனக்கு இது வேண்டாம்" என்றால் உடனே சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அணியில் யாராவது கேலி செய்கிறார்களா, முழங்கால் வலிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டையும் தானாக வாய் திறந்து சொல்கிற வயது இல்லை அது.