ஜாடிக்குள் ஒரு பயோ வாஷ்: பனியன் துணியின் பிசிரை நொதியால் நீக்கும் முறை

திருப்பூரில் டி-ஷர்ட் மொத்தமாக வாங்கப் போனால், "180 ஜிஎஸ்எம், பயோ வாஷ்" என்று கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. பயோ வாஷ் என்றதும் ஏதோ மூலிகைச் சலவை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. மூலிகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செல்லுலேஸ் என்ற நொதியைக் கொண்டு பருத்தி இழையின் மேற்பரப்பைக் கொஞ்சமாக அரித்தெடுக்கும் வேலைதான் அது. பட்டறையில் டன் கணக்கில் நடக்கும் அந்த வேலையை 50 கிராம் துணியில் செய்துபார்க்கலாம்.

முதலில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வோம். சுத்தம் செய்த பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. செல்லுலேஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பல நொதிகளின் கூட்டணி. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிரித்துவிடும். நொதி மூலக்கூறு பருமனானது என்பதால் இழையின் இறுக்கமான உட்பகுதிக்குள் சுலபமாகப் புக முடியாது. ஆகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர்தான் முதலில் நைந்துபோகும். நாலு முறை துவைத்ததும் துணியில் உருண்டை உருண்டையாகத் திரள்வது இந்தப் பிசிர்தான்.

இந்த நொதியைத் தரும் பூஞ்சைகளில் புகழ்பெற்றது டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை மட்கச் செய்து மாட்டிக்கொண்ட பூஞ்சை அது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரே பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. கூடாரத்தைத் தின்ற குணம் இன்னும் போகவில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நொதி வினையூக்கி, வேலை செய்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. நாம் நிறுத்தாவிட்டால் பிசிரோடு நிற்காமல் துணியையும் பதம்பார்க்கும்.

தேவையானவை: சாயமேற்றாத, நூறு சதவீதப் பருத்திப் பனியன் துணி, 50 கிராம் வீதம் இரண்டு துண்டுகள்; திரவ வடிவிலான அமில செல்லுலேஸ் (அமில நீரில் வேலை செய்யும் வகை); வினிகர் அல்லது நீர்த்த அசிட்டிக் அமிலம்; சலவைச் சோடா; பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) காட்டும் தாள், வெப்பமானி, 0.1 கிராம் வரை காட்டும் தராசு; வாய் அகன்ற இரண்டு பிளாஸ்டிக் ஜாடிகள்; ஒரு கை கோலிக்குண்டு. நொதியைத் தூளாக வாங்காதீர்கள். அந்தத் தூள் மூச்சில் ஏறினால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரக்கூடும். திரவமானாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; சமையல் பாத்திரங்களைப் பயன்படுத்த வேண்டாம்.

படி 1: துணியைத் தயார்செய்தல்

பருத்தியில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அது போகாமல் நொதி இழையைத் தொடாது. லிட்டருக்கு 2 கிராம் சலவைச் சோடா கலந்த நீரில் துணியை அரை மணி நேரம் கொதிக்க விட்டு, நன்றாக அலசுங்கள். காய்ந்த துணியில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சொட்டு முத்தாக நின்றால் இன்னொரு முறை கொதிக்க வையுங்கள். விழுந்ததும் பரவினால் துணி தயார். பெராக்சைடால் வெளுத்த துணி என்றால் மிச்சமிருக்கும் பெராக்சைடு நொதியைக் கெடுத்துவிடும். சாயப்பட்டறைகளில் இதற்கென்றே கேட்டலேஸ் என்ற வேறொரு நொதியை முன்னதாக விடுகிறார்கள். நமக்கு வெந்நீரில் பலமுறை அலசினாலே போதும்.

படி 2: எடை

பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைநாளில் ஓர் எடை, வெயில்நாளில் ஓர் எடை. எனவே இரண்டு துண்டுகளையும் ஒரே அறையில் இரவு முழுவதும் காயவிட்டு, அங்கேயே எடை போட்டுக் குறித்துவையுங்கள்.

படி 3: கரைசல்

துணியின் எடைக்குப் பத்து மடங்கு நீர், அதாவது ஜாடிக்கு அரை லிட்டர். நீரை 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, வினிகரைச் சிறிது சிறிதாக விட்டு பி.எச். அளவை 4.5க்கும் 5.5க்கும் இடையே கொண்டுவாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் வினிகர் கூடுதலாகப் பிடிக்கும். துணியை உள்ளே போட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். துணியில் தங்கிய சோடா பி.எச். அளவை மேலே ஏற்றியிருக்கும், திரும்பவும் சரிசெய்யுங்கள். சரியான பிறகே நொதியை விட வேண்டும். துணி எடையில் ஒரு சதவீதம், அதாவது அரை கிராம் போதும். நொதியின் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டாவது ஜாடியில் எல்லாமே அப்படியே, நொதி மட்டும் இல்லாமல். பலர் இதை வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட ஆள் இல்லாத சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை.

படி 4: குலுக்கல்

நொதி பிசிரை நைய வைக்கும். அறுத்து எடுப்பது உராய்வு. பட்டறை எந்திரத்தில் துணி துணியோடு உரசிக்கொண்டே ஓடும். நமக்கு அந்த வேலையைக் கோலிக்குண்டுகள் செய்யும். இரண்டு ஜாடியிலும் சம எண்ணிக்கையில் போட்டு மூடி, வெந்நீர் வாளியில் வைத்து 45 நிமிடம் விடாமல் குலுக்குங்கள். ஆள் மாற்றி ஆள் குலுக்கினாலும் சரி. வெப்பம் 50 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி வாளி நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பாதி நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்தால், நொதி ஜாடியின் நீர் கலங்கி, கண்ணுக்கு மட்டாகத் தெரியும் இழைத் துகள்கள் மிதக்கும். அது வேலை நடப்பதற்கு அடையாளம்.

படி 5: நிறுத்துதல்

பச்சைத் தண்ணீரில் அலசினால் போதாது. செல்லுலேஸ் செல்லுலோஸைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அலசிய துணியிலும் ஒட்டியிருந்து அரிக்கும். சலவைச் சோடாவால் பி.எச். 10க்கு உயர்த்திய நீரை சமையலுக்கு எடுக்காத ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் 80 டிகிரிக்குச் சூடாக்கி, துணியை அதில் 15 நிமிடம் வையுங்கள். சூடும் காரமும் சேர்ந்து நொதியின் வடிவத்தைக் குலைத்துவிடும். ஒப்பீட்டுத் துண்டுக்கும் இதே குளியல், தனிப் பாத்திரத்தில். பிறகு இரண்டையும் அலசிக் காயப்போடுங்கள்.

படி 6: பார்த்தல்

துணியை விரல்மேல் மடித்து, கறுப்பு அட்டைக்கு முன்னால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒப்பீட்டுத் துண்டின் மடிப்பு ஓரத்தில் பூனைமயிர்போல் பிசிர் நிற்கும்; மற்றதில் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். அடுத்து எடை. ஒப்பீட்டுத் துண்டின் இழப்பைக் கழித்தபின் 3 முதல் 5 சதவீதம், அதாவது 1.5 முதல் 2.5 கிராம் வரை குறைந்திருந்தால் பட்டறைக் கணக்குக்கே பொருந்தும். அதற்குமேல் போனால் மென்மை கிடைத்தாலும் துணி வலுவிழந்திருக்கும்.

எடையே குறையவில்லையா? முதலில் பி.எச்., அடுத்து வெப்பம், பிறகு துணியில் தங்கிய சோப்பு என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணியில் பருத்திப் பிசிர் மட்டுமே போகும். செல்லுலேஸுக்குப் பாலியெஸ்டர் வெறும் பிளாஸ்டிக். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை பருத்தியைவிட எளிதில் அரிபடும். அதற்கு நொதியையும் நேரத்தையும் பாதியாக்கித் தொடங்குங்கள்.

மிஞ்சிய நீரை அமிலமும் காரமுமாக ஒன்றாகக் கலந்து, பி.எச். 7க்கு அருகில் வந்தபின் சாக்கடையில் விடலாம். நொதி என்றாலே பசுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கரைந்த சர்க்கரையும் இழைத் துகளும் கலந்த அந்த நீர் ஆற்றுக்குப் போனால், அங்குள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாயத்துணியில் முயல விரும்பினால் வெளிர் நிறத்தில் தொடங்குங்கள். ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸோடு பிணைந்து நொதிக்கு வழிமறிப்பதால் அடர் நிறங்களில் வேலை மந்தமாகும். ஜீன்ஸ் துணிக்கு அமில செல்லுலேஸ் வேண்டாம். உரிந்த இண்டிகோ என்ற நீலச் சாயம் வெள்ளை நூலில் மீண்டும் படிந்துவிடும். பி.எச். 6 முதல் 7 வரை வேலை செய்யும் நடுநிலை செல்லுலேஸைக் கேட்டு வாங்குங்கள்.